விழுங்கியது காசா, பட்டன் பேட்டரியா?

தவழத் தொடங்கிய பிள்ளை இருக்கும் வீட்டில், தரையில் எது கிடந்தாலும் அது முதலில் வாய்க்குத்தான் போகும். இது தாய்மார்கள் அறியாத செய்தியல்ல. புளியங்கொட்டை, பாசிமணி, சட்டைப் பொத்தான், பத்துக் காசு, இருபது காசு என்று பிள்ளைகள் விழுங்கிய பொருள்களைப் பற்றித் தோட்டத்துப் பாட்டிமார்களிடம் கேட்டால், சொல்லி முடிக்க ஒரு பொழுது போதாது. அப்படி விழுங்கிய பிள்ளைக்கு ஒரு வாழைப்பழத்தையோ ஓர் உருண்டைச் சோற்றையோ ஊட்டிவிட்டு, "நாளைக்குத் தானாக வெளியே வந்துவிடும்" என்று காத்திருப்பதும் நம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். பல வேளைகளில் விழுங்கிய பொருள் அப்படியே வெளியே வந்தும் இருக்கிறது.

ஆனால், அந்தக் காத்திருப்பே இன்று ஒரு பிள்ளையின் உயிருக்கு எமனாகக் கூடும். ஏனென்றால், இன்று நம் வீட்டுத் தரையில் கிடப்பது காசு மட்டுமல்ல. காசைப் போலவே வட்டமாக, தட்டையாக, பளபளப்பாக இருக்கும் இன்னொரு பொருளும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதுதான் பட்டன் பேட்டரி.

மேருவிலும் காப்பாரிலும் கிள்ளானிலும், இன்னும் தோட்டங்களிலும், சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதைப் பற்றி அறிந்திருக்க வேண்டியது அவசியம். விழுங்கியது காசானால் டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை பொறுத்திருக்கலாம். விழுங்கியது பட்டன் பேட்டரியானால், இரண்டே மணி நேரத்தில் பிள்ளையின் உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாகிவிடும்.

எங்கெல்லாம் இருக்கிறது?

"எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்லிவிடாதீர்கள். சற்று எழுந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கார்ச் சாவியோடு இருக்கும் ரிமோட், வாசல் கேட்டைத் திறக்கும் ரிமோட், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் கருவி, எடை பார்க்கும் தராசு, கணக்குப் போடும் கால்குலேட்டர், கைக்கடிகாரம் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தப் பேட்டரியில்தான் இயங்குகின்றன. தாத்தா பாட்டிக்கு இனிப்புநீர் இருந்தால், இரத்தத்தைச் சோதிக்கும் சிறு கருவி வீட்டில் இருக்கும். அதற்குள்ளும் பெரும்பாலும் இதுவே இருக்கிறது.

இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் வாங்கும் மின்னும் பொம்மைகளையும், திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் அழுது வாங்கும் ஒளிரும் மோதிரங்களையும் எண்ணிப் பாருங்கள். திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையும் இந்த வகைதான். தீபாவளிக்கு முன் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில், எண்ணெயும் திரியும் இல்லாமல் எரியும் பிளாஸ்டிக் அகல்விளக்குகள் குவிந்து கிடக்கும். அவற்றை ஒரு டஜன் வாங்கி வாசலில் வரிசையாக வைத்தால், ஒரு டஜன் பட்டன் பேட்டரிகளைப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் வைத்துவிட்டோம் என்று பொருள். நெருப்பு இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விளக்கின் அடிப்பக்க மூடி ஒரு நகத்தால் நெம்பினாலே கழன்றுவிடும் என்பதை யார் கவனிக்கிறார்கள்?

அந்தப் பேட்டரியின் முதுகில் சி.ஆர். 2032 என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதில் முதல் இரண்டு எண்கள் அதன் அகலத்தைக் காட்டுகின்றன. அதாவது 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு எண்கள் பருமனைக் காட்டுகின்றன, அதாவது 3.2 மில்லிமீட்டர். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டு முதல் புழங்கும் பத்துக் காசின் அகலம் 18.8 மில்லிமீட்டர், இருபது காசின் அகலம் 20.6 மில்லிமீட்டர். ஆகவே இந்தப் பேட்டரி நம் பத்துக் காசுக்கும் இருபது காசுக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கிறது. பிள்ளை "காசை விழுங்கிவிட்டது" என்று நாம் எளிதில் ஏமாந்து போவதற்கு இதுவே காரணம்.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது?

பேட்டரிக்குள் இருக்கும் விஷம் கசிந்துதான் பிள்ளைக்குத் தீங்கு நேருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. பேட்டரி உடையாமலும் கசியாமலும் இருந்தாலும் தீங்கு நடந்துகொண்டேதான் இருக்கும்.

சிறு பிள்ளையின் உணவுக்குழாய் மிகவும் குறுகலானது. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள பேட்டரி அதில் சிக்கிக்கொள்கிறது. பேட்டரியின் இரு பக்கங்களும் ஈரமான சதையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. விளக்கை எரிய வைக்கும் அதே மின்சாரம், அங்கே இருக்கும் நீரைப் பிரித்து, பேட்டரியின் எதிர்மின் பக்கத்தில் கடுமையான காரத்தை உண்டாக்குகிறது. அடைபட்ட குழாய்களைச் சுத்தம் செய்யக் கடைகளில் விற்கும் காஸ்டிக் சோடாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே தன்மையுள்ள காரம் பிள்ளையின் உணவுக்குழாய்க்குள்ளேயே உற்பத்தியாகிறது என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

பால்மரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்குப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைப் பற்றித் தெரியும். ஆசிட் பட்டால் சுரீரென்று எரியும், உடனே கழுவுவோம். காரமோ சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும் தன்மை உடையது. 15 நிமிடங்களிலேயே சதை வேகத் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் ஆழமான புண்ணாகிவிடும். உணவுக்குழாய்க்கு முன்னால் மூச்சுக்குழாயும், பக்கத்தில் இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக்குழாயும் இருக்கின்றன. புண் அவற்றை எட்டிவிட்டால் பிள்ளையைக் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

"செத்த பேட்டரிதானே?"

ரிமோட் வேலை செய்யவில்லை என்று கழற்றிப் போட்ட பேட்டரியால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ரிமோட்டை இயக்கத் திராணியில்லாத பேட்டரியிலும், ஒரு பிள்ளையின் தொண்டையைப் புண்ணாக்கப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கிறது. புதியது இன்னும் மோசமானது என்பது உண்மையே. ஆனால், பழையது ஆபத்தற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னும் சிலர், "அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளை கடிகாரப் பேட்டரியை விழுங்கியது, ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். அதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 1970-களிலும் 80-களிலும் கடிகாரங்களில் இருந்தவை பெரும்பாலும் சிறியவை, 1.5 வோல்ட் அளவே உள்ளவை. அவற்றில் பெரும்பாலானவை சிக்காமல் இரைப்பைக்கு இறங்கிவிடும். பின்னர் வந்த லித்தியம் பேட்டரிகள் அகலத்தில் பெரியவை. 3 வோல்ட் உள்ளவை. அகலம் கூடியதால் சிக்கிக்கொள்கின்றன. மின்சாரம் கூடியதால் விரைவாகப் புண்ணாக்குகின்றன.

அமெரிக்காவில் பேட்டரி விழுங்கிய சம்பவங்களைப் பல ஆண்டுகளாகத் திரட்டி ஆராய்ந்த டாக்டர் டோபி லிட்டோவிட்ஸ் அம்மையாரும் அவருடைய குழுவினரும், 2010-ஆம் ஆண்டில் இதையே எடுத்துக் காட்டினார்கள். 1985 முதல் 2009 வரையிலான காலத்தில், பேட்டரி விழுங்கியவர்களில் கடுமையான தீங்கோ மரணமோ நேர்ந்தவர்களின் விகிதம் ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விழுங்கிய பேட்டரிகளில் 100-க்கு 62 பங்கு, அவர்களே ஏதோ ஒரு பொருளிலிருந்து கழற்றி எடுத்தவை. 30 பங்கு, வெளியே சும்மா கிடந்தவை. ஆக, பேட்டரி பொருளுக்குள்தானே இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அயல்நாடுகளில் இரண்டு பிள்ளைகள்

2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்து போனாள். மூக்கிலிருந்து இரத்தம் வந்தது வெளியில் தெரிந்த அறிகுறிகளில் ஒன்று. அவள் உணவுக்குழாயில் 2 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டன் பேட்டரி சிக்கியிருந்தது. அவள் அதை விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை.

2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ரீஸ் என்ற பெண் குழந்தைக்கு மூச்சுத் திணறியது. சளித் தொல்லை என்றே முதலில் கருதப்பட்டது. பிறகுதான் வீட்டு ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரி காணாமல் போயிருப்பதைப் பெற்றோர் கவனித்தனர். மருத்துவமனையில் பேட்டரியை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் உள்ளே ஏற்பட்ட புண் ஆறவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் மாதம், ஒன்றரை வயதில், அந்தக் குழந்தை இறந்தது. அதன் தாய் விடாமல் போராடியதன் பயனாக, அக்குழந்தையின் பெயராலேயே 'ரீஸ் சட்டம்' 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலியாவும் பட்டன் பேட்டரி உள்ள பொருள்களுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையால் சொல்ல இயலவில்லை. பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை. நோய் வேறு எதையோ போலத் தோன்றியது. லிட்டோவிட்ஸ் அம்மையாரின் ஆராய்ச்சியிலும், மரணத்தில் முடிந்த சம்பவங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் உண்மைக் காரணம் முதலில் கண்டுபிடிக்கப்படவில்லை என்றே தெரிய வந்தது.

எதைக் கண்டு சந்தேகப்படுவது?

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று எச்சில் வடித்தால், சோற்றை வேண்டாம் என்று தள்ளினால், விழுங்கும்போது அழுதால், வாந்தி எடுத்தால், காரணமில்லாமல் இருமினால், மூச்சு விடும்போது சத்தம் கேட்டால், நெஞ்சைத் தொட்டுக் காட்டி அழுதால், பட்டன் பேட்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். வாந்தியில் இரத்தம் வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள்.

மாந்தம், திருஷ்டி என்று எண்ணி ஒரு பொழுதைக் கழித்துவிட வேண்டாம். வேப்பிலை அடிப்பதையும் திருநீறு பூசுவதையும் இங்கே குறை சொல்லவில்லை. அவற்றைப் பிள்ளை மருத்துவமனையிலிருந்து நலமாகத் திரும்பிய பிறகு செய்துகொள்ளலாம். மேலே சொன்ன அறிகுறிகளைக் கண்டதும் வீட்டில் உள்ள ரிமோட்டுகளையும் பொம்மைகளையும் வேறொருவரை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்றில் பேட்டரி இல்லை என்றால் அதுவே போதுமான சாட்சி.

உடனே செய்ய வேண்டியவை

விழுங்கியதைப் பார்த்தாலும் சரி, சந்தேகம்தான் என்றாலும் சரி, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே கொண்டு போங்கள். மேரு, காப்பார் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. வாகனம் கிடைக்கவில்லை என்றால் 999-ஐ அழையுங்கள். எக்ஸ்ரே இல்லாத சிறு கிளினிக்கில் போய் வரிசையில் உட்கார்ந்தால் நேரம்தான் வீணாகும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோற்று உருண்டை, வாழைப்பழம் எதையும் கொடுக்காதீர்கள். பேட்டரியை எடுக்கப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வயிறு காலியாக இருப்பது நல்லது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அது தேன். 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் பன்றிக்குட்டிகளிடம் செய்த சோதனையில், தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து காரத்தின் கடுமையைக் குறைப்பதைக் கண்டார்கள். அதன் பிறகு அங்குள்ள நச்சுத் தடுப்பு நிலையம் இதைத் தன் வழிமுறைகளில் சேர்த்துக்கொண்டது. பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். பிள்ளையால் விழுங்க முடிய வேண்டும். அப்படியானால் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. வீட்டில் தேன் இல்லையென்றால் தேடிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். தேன் இதற்கு மருந்தல்ல. மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒரு சிறு துணை. அதைக் கொடுப்பதற்காகப் பயணத்தை ஒரு நிமிடமும் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவமனையில் என்ன சொல்வது?

கூட்டமாக இருக்கிறதே என்று எண்ணைப் பெற்றுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடாதீர்கள். முகப்பில் இருக்கும் தாதியிடமோ மருத்துவ உதவியாளரிடமோ தயங்காமல் உரத்துச் சொல்லுங்கள். "அனாக் சாயா தெர்தெலான் பத்தேரி புத்தாங்" என்று மலாயில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "என் பிள்ளை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டது" என்று பொருள். எந்தப் பொருளிலிருந்து பேட்டரி காணாமல் போனதோ அதையும், அதே மாதிரி வேறு பேட்டரியோ அதன் உறையோ இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள். அதிலுள்ள எண்ணைப் பார்த்து டாக்டர்கள் அளவை அறிந்துகொள்வார்கள்.

எக்ஸ்ரே படத்தில் காசு ஒரே வட்டமாகத் தெரியும். பட்டன் பேட்டரியோ வட்டத்துக்குள் வட்டமாக இரட்டை வளையமாகத் தெரியும். உணவுக்குழாயில் இருந்தால் மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாயை விட்டு உடனே எடுத்துவிடுவார்கள். இரைப்பைக்கு இறங்கிவிட்டிருந்தால் எடுப்பதா, காத்திருப்பதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

பேட்டரியை எடுத்த பிறகும் கவனம் தேவை. உள்ளே உண்டான காரம் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். சில பிள்ளைகளுக்கு நாட்கள், வாரங்கள் கழித்தும் திடீரென்று இரத்தம் வந்திருக்கிறது. ஆகவே, "இன்னும் சில நாட்கள் வார்டில் இருக்கட்டும்" என்று டாக்டர் சொன்னால், வேலைக்கு லீவு கிடைக்காதே என்று அழைத்து வந்துவிடாதீர்கள்.

மூக்கிலோ காதிலோ பிள்ளை இதைத் திணித்துக்கொண்டாலும் அவசரம்தான். சொட்டு மருந்தோ எண்ணெயோ விடாதீர்கள். ஈரம் கூடினால் தீங்கும் கூடும். மூக்குத் தண்டில் ஓட்டை விழுந்த பிள்ளைகளும் உண்டு.

வருமுன் காப்பது

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும் பொருள்களையே வாங்குங்கள். விளையாட்டுப் பொருள்களுக்கு நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் பாதுகாப்புத் தர விதிகள் இருக்கின்றன. ஆனால் ரிமோட்டும் அகல்விளக்கும் விளையாட்டுப் பொருள்கள் அல்லவே! அவற்றைப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருள்களாக ஆக்கிக்கொள்கிறார்கள். ஆகவே மூடி தளர்ந்தவற்றைப் பசை நாடாவால் இறுகச் சுற்றிவிடுங்கள். அழும் பிள்ளையை அடக்கக் கார்ச் சாவியைக் கையில் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பேட்டரி மாற்றும்போது பழையதை மேசையில் வைத்துவிட்டுப் புதியதைத் தேடாதீர்கள். கழற்றிய உடனே அதன் இரு பக்கங்களையும் பசை நாடாவால் ஒட்டி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். திறந்த குப்பைக் கூடையில் போடாதீர்கள். மாத்திரை மருந்துகளோடு சேர்த்தும் வைக்காதீர்கள். கண் மங்கிய பெரியவர்கள் பேட்டரியை மாத்திரை என்று விழுங்கிய சம்பவங்களும் உண்டு.

விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் பெற்றோர்களே, பகல் முழுதும் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டியாகவோ, பக்கத்து வீட்டு அக்காவாகவோ, பிள்ளைக் காப்பகத்து ஆயாவாகவோ இருக்கலாம். நீங்கள் இதைப் படித்தால் மட்டும் போதாது. அவர்களுக்குப் படிக்கக் கண் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டுங்கள். ஒரு பட்டன் பேட்டரியைக் கையில் எடுத்து, அதன் பக்கத்தில் ஓர் இருபது காசையும் வைத்துக் காட்டுங்கள். "இதுவும் அதுவும் ஒன்றல்ல, சந்தேகம் வந்தால் எங்களுக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லி வையுங்கள். அவசரத்துக்கு வண்டி கேட்கக்கூடிய இரண்டு பேருடைய தொலைபேசி எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இன்றிரவு படுக்கப் போகுமுன், வீட்டிலுள்ள ரிமோட்டுகளையும் மின்னும் பொம்மைகளையும் போன தீபாவளி அகல்விளக்குகளையும் ஒன்று சேர்த்து, ஒவ்வொன்றின் மூடியையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள். உங்கள் நகத்துக்குத் திறந்துகொள்வது எதுவோ, அது நாளை உங்கள் பிள்ளையின் கைக்கும் திறந்துகொள்ளும்.